பலன் யாருடையது?

மனித வாழ்வில் சில முடிவுகளை எடுக்கும் வயதும், அவற்றைப் புரிந்துகொள்ளும் வயதும் ஒன்றாக அமைவதில்லை. எந்தப் படிப்பில் சேர்வது, எந்தத் தொழிலை மேற்கொள்வது என்பதை ஓர் இளைஞன் பதினேழு, பதினெட்டு வயதில் தீர்மானிக்கிறான். அந்தத் தீர்மானத்தின் முழுப் பொருளும் அவனுக்கு விளங்கும்போது பெரும்பாலும் நாற்பதைக் கடந்திருப்பான். ஆயினும் முடிவை ஒத்திப்போட இயலாது. ஒத்திப்போடுவதும் ஒரு முடிவாகவே ஆகிவிடுகிறது. அப்படியானால் ஒரு முடிவு சரியானதா, தவறானதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? பிற்காலத்தில் வரும் வெற்றி தோல்வியைக் கொண்டா? முடிவெடுத்த நாளில் இருந்த மனநிலையைக் கொண்டா?

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. பெங்களூருவில் பழைய கண்டோன்மென்டைச் சேர்ந்த ஆஸ்டின் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே மைதானம் என்றால் கால்பந்துதான். முந்தைய தலைமுறையில் நன்றாகக் கால்பந்தாடும் இளைஞனுக்கு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் அணிகளில் இடமும், அதனோடு ஒரு வேலையும் கிடைக்க வாய்ப்பிருந்தது. ஆட்டமும் பிழைப்பும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கவில்லை. ஆனால் இன்று அதே தெருக்களிலிருந்து சிறுவர் சிலர் சற்றுத் தொலைவில் உள்ள கப்பன் பூங்காவின் டென்னிஸ் ஆடுகளங்களை நாடிச் செல்கின்றனர். அந்த ஆட்டத்தில் இருப்பவை வேறு இரண்டு பாதைகள். ஒன்று, பல்கலைக்கழகத்தில், பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், உதவித்தொகை பெற்றுப் படித்துக்கொண்டே ஆடுவது. மற்றொன்று, படிப்பை நிறுத்திவைத்துவிட்டு நேரடியாகத் தொழில்முறை ஆட்டக்காரராகி ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று ஆடுவது.

அப்பகுதியில் நடைபெறும் வாராந்திர சாஸ்திர வகுப்பில் கட உபநிஷதம் நடந்துகொண்டிருந்தபோது, அன்பர் ஒருவர் இக்கேள்வியை எழுப்பினார். "சுவாமிஜி, என் மகனுக்குப் பதினேழு வயது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்தை ஏற்பதாகச் சொல்கிறது. அவனோ படிப்பு பிறகு, முதலில் தொழில்முறை ஆட்டம் என்கிறான். படிப்பு சிரேயஸ், ஆட்டம் பிரேயஸ் என்று அவனுக்குச் சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானே?" என்று கேட்டார். இரண்டு பாதைகளில் எதற்கும் தம்மிடம் போதிய பணம் இல்லை என்பதையும், மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கி வைத்ததையே எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவர் கடைசியில்தான், தணிந்த குரலில், சொன்னார். கேள்வியின் சாரம் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருந்தது.

இரு பாதைகளின் இயல்பு

தத்துவம் பேசுவதற்குமுன் உண்மை நிலையை அறிந்துகொள்வது நல்லது. தொழில்முறை டென்னிஸ் என்றவுடன் விம்பிள்டனும் கோடிக்கணக்கான பரிசும் நம் மனக்கண்முன் வருகின்றன. ஆனால் அந்தக் கோபுரத்தின் அடித்தளம் வேறு விதமானது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டின் ஆட்டங்களை ஆராய்ந்தது. அவ்வாண்டு தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய ஆண்களும் பெண்களும் சுமார் 13,700 பேர். அவர்களுள் சுமார் 6,100 பேர் ஆண்டு முழுவதும் ஒரு காசுகூடப் பரிசாகப் பெறவில்லை. வரவும் செலவும் சமமாகும் நிலையை ஆண்களில் 336-ஆம் இடத்தில் இருந்தவரும், பெண்களில் 253-ஆம் இடத்தில் இருந்தவரும்தான் எட்டினர். பயிற்சியாளருக்கான செலவைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. அதன்பின் பரிசுத்தொகைகள் உயர்ந்துள்ளன. பயணச் செலவும் உயர்ந்துள்ளது.

கல்லூரிப் பாதையும் எல்லோருக்கும் திறந்திருப்பதன்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் ஆண்கள் டென்னிஸ் அணி ஒன்றுக்கு நெடுங்காலம் நாலரை முழு உதவித்தொகைகளே அனுமதிக்கப்பட்டிருந்தன; அவற்றை எட்டு, பத்து பேருக்குப் பகிர்ந்தளிப்பார்கள். ஆகவேதான் பாதிக் கட்டணம், கால் கட்டணம் என்ற நிலை. விதிகள் 2025-இல் மாறியுள்ளன என்றாலும், உலகெங்கிலுமிருந்து வரும் இளைஞர்களின் போட்டி குறையவில்லை.

தொழில்முறை என்ற சொல்லின் பொருளே காலத்தோடு மாறியிருக்கிறது. 1968-க்கு முன் பணத்திற்காக ஆடுபவர் விம்பிள்டனில் ஆட முடியாது. டேவிஸ் கோப்பையில் நாட்டிற்காகவும் ஆட முடியாது. 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கே அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணன், அமெரிக்கரான ஜாக் கிராமரின் தொழில்முறைக் குழுவிலிருந்து பெருந்தொகைக்கு வந்த அழைப்பை மறுத்தார். 1966-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்குச் சென்றபோது அணியின் தூணாக நின்றவர் அவரே. அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஆகிய இரண்டு இளையோர் பட்டங்களையும் வென்று, தொழில்முறை ஆட்டத்தில் இறங்கி, 1985-இல் உலகின் 23-ஆம் இடத்தை எட்டினார். தந்தை மறுத்தது, மகன் ஏற்றது. இரண்டிலும் நாம் குறை காண்பதில்லை. பாதை ஒன்றே ஆனாலும் காலமும் கடமையும் வேறாகும்போது அதன் தர்மமும் வேறாகிறது.

அண்மைக் காலத்தில் சோம்தேவ் தேவ்வர்மன் சென்னையில் பயிற்சி பெற்று, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். படிப்பை முடித்த பிறகே தொழில்முறைக்கு வந்தார். 2009-இல் சென்னை ஓப்பன் இறுதிப்போட்டியில் ஆடினார். 2010 ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம் வென்றார். மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் (அந்தப் பெயரே நம் வாசகர்களுக்கு இனிக்கும்) வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரராக இருந்தபோதே, 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியில் நாட்டிற்காக வெற்றி தேடித் தந்தார்.

மறுபுறம், சென்னையைச் சேர்ந்த ராம்குமார் ராமநாதன் பதின்ம வயதில் ஸ்பெயினில் பயிற்சி பெற்று நேரே தொழில்முறையில் இறங்கியவர். 2017-இல், அப்போது உலகின் எட்டாம் இடத்தில் இருந்த டொமினிக் தீமை வென்றார். ஆயினும் ஒற்றையர் தரவரிசையில் அவர் 2018-இல் அடைந்த உச்சம் 111. பிரஜ்னேஷ் குணேஸ்வரன் அமெரிக்காவில் டென்னஸி பல்கலைக்கழகத்தில் சிறிது காலமே இருந்தார். பின்னர் முழங்கால் காயங்களால் அவர் பல ஆண்டுகளை இழந்தார். 2018-இல் பெங்களூருவின் அதே கப்பன் பூங்கா ஆடுகளத்தில் பட்டம் வென்று, 2019-இல் தம் இருபத்தொன்பதாம் வயதில் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார்.

இவர்களுள் யார் சரியான பாதையைத் தேர்ந்தெடுத்தவர்? இவ்வாறு கேட்டவுடனேயே கேள்வி பொருத்தமற்றது என்பது புலப்படுகிறது.

சிரேயஸ் பாதையில் இருக்கிறதா?

கட உபநிஷதத்தின் இரண்டாம் வல்லியில் எமதர்மன் நசிகேதனிடம் சிரேயஸ், பிரேயஸ் என்ற இரண்டையும் பிரித்துக் காட்டுகிறான். நன்மை தருவது ஒன்று, இன்பமாகத் தோன்றுவது மற்றொன்று. இவ்விரண்டும் மனிதனிடம் கலந்தே வருகின்றன. விவேகி அவற்றைப் பிரித்தறிகிறான் என்பது அங்கே கூறப்படும் கருத்து.

நாம் செய்யும் பிழை, இந்தப் பிரிவினையைப் பொருள்களின்மீது ஒட்டிவிடுவது. படிப்பின்மீது சிரேயஸ் என்றும், ஆட்டத்தின்மீது பிரேயஸ் என்றும் சீட்டு எழுதி ஒட்டுகிறோம். கல்லூரிக்குப் போகும் மகன் எதற்காகப் போகிறான்? தோல்வியைப் பார்க்க அஞ்சி, உறவினர் முன்னிலையில் ஒரு பட்டத்தைக் காட்டிக்கொள்வதற்காகப் போகிறான் என்றால், அவன் தேர்ந்தெடுத்தது பாதுகாப்பு என்னும் சுகம், அதுவும் பிரேயஸே. ஆடப் போகும் மகன், நாளுக்கு ஆறு மணி நேர உழைப்பையும், அறிமுகமற்ற ஊர்களில் தனிமையையும், வாரந்தோறும் வரும் தோல்வியையும் அறிந்தே, தன் ஆற்றலின் எல்லையைக் காண வேண்டும் என்ற உறுதியுடன் போகிறான் என்றால், அதில் தவத்தின் சாயல் உண்டு. இதே ஆட்டத்தை ஒருவன் புகைப்படத்திற்காகவும் புகழுக்காகவும் தேர்ந்தெடுக்கக்கூடும். இதே கல்லூரியை மற்றொருவன் அறிவின்மேல் கொண்ட உண்மையான தாகத்தாலும் தேர்ந்தெடுக்கக்கூடும். 1897-இல் சுவாமி விவேகானந்தர் சென்னைச் சொற்பொழிவில் இளைஞர்களிடம் கால்பந்தையும் கீதையையும் சேர்த்துப் பேசியதை நம் வாசகர்கள் அறிவர். ஆடுகளத்தை ஆன்மிகத்துக்குப் புறம்பானது என்று அவர் கருதவில்லை.

ஆகவே அந்தத் தந்தையின் கேள்விக்கு முதல் விடை இது: சிரேயஸ் பாதையில் இல்லை, நடப்பவனின் நோக்கத்தில் இருக்கிறது. ஆனால் இத்துடன் நிறுத்தினால் அது எளிய விடையாகிவிடும்.

வெற்றி ஒரு நீதிபதியா?

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் அறநெறியில் அதிர்ஷ்டத்தின் இடம் என்ன என்பதைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் தீட்டச் சென்ற கோகன் என்ற பிரெஞ்சு ஓவியரின் வாழ்வைத் தழுவிய ஓர் எடுத்துக்காட்டை அதில் அவர் ஆராய்கிறார். அந்த ஓவியரின் முடிவு நியாயமானதா என்பது அவர் ஓவியராக வென்றாரா என்பதைப் பொறுத்தது. அதை முடிவெடுக்கும் நாளில் அவரே அறிய முடியாது. ஆகவே நியாயமும் ஓரளவு அதிர்ஷ்டத்தைச் சார்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். எனினும், வென்றுவிட்டதாலேயே அவரால் துன்புற்றவர்களின் முறையீடு மறைந்துவிடாது என்பதை வில்லியம்ஸும் ஒப்புக்கொள்கிறார்.

நம் வீடுகளிலும் நாம் இவ்வாறே பேசுகிறோம். மகன் வென்றால், "அன்றைக்கே துணிந்தான்" என்கிறோம். முழங்கால் முறிந்து திரும்பினால், "அன்றைக்கே சொன்னேன்" என்கிறோம். துணிவு ஒன்றே, நம் தீர்ப்புதான் இரண்டு.

கர்மயோகம் இதற்கு நேர் எதிரானது. பலன் நம் ஆளுகையில் இல்லை. நம் ஆளுகையில் இல்லாதது நம் செயலின் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. காற்று திசைமாறியதால் கோட்டுக்கு வெளியே விழுந்த பந்து, அடித்தவனின் ஒழுக்கத்தைக் குறைப்பதில்லை. இந்த வாதம் வலிமையானது. ஆயினும் ஒரு துறவி இதைச் சொல்வது எளிது; மகளின் படிப்புப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு தந்தைக்கு அது எளிதன்று. பலனில் பற்றற்று ஆடுகிறேன் என்று மகன் சொல்லலாம். ஆனால் அந்தப் பற்றின்மைக்கான செலவைத் தங்கை தருகிறாள். அவளை யாரும் கேட்கவே இல்லை.

இங்கேதான் பலன், விலை என்ற இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். பலன் எதிர்காலத்தில் உள்ளது. அதை யாரும் அறியார். விலை இன்று உள்ளது. அதைத் தருபவர்கள் இன்று நம் வீட்டில் இருக்கிறார்கள். பலனை விட்டுவிடு என்று சாஸ்திரம் சொல்கிறது. விலையைக் கணக்கிடாதே என்று அது எங்கும் சொல்லவில்லை. பலனில் பற்றின்மையை ஒருவன் தனக்குத்தான் விதித்துக்கொள்ள முடியும். தனக்காகத் தியாகம் செய்கிறவர்மீது அதை விதிக்க அவனுக்கு உரிமை இல்லை.

இரண்டு பெரும் எடுத்துக்காட்டுகள்

நசிகேதனையே மீண்டும் பாருங்கள். எமன் அவனுக்கு மூன்று வரங்கள் அளிக்கிறான். மூன்றாவது வரமாக அவன் ஆத்ம ரகசியத்தைக் கேட்டதைப் பெரிதும் போற்றுகிறோம். முதல் வரமாக அவன் கேட்டது என்ன? கோபத்தில் தன்னை எமனுக்குக் கொடுத்துவிட்ட தந்தையின் மனம் அமைதியடைய வேண்டும். தான் திரும்பிச் செல்லும்போது அவர் தன்னை அன்புடன் ஏற்க வேண்டும் என்பதே. மிக உயர்ந்த பாதையில் அடியெடுத்து வைக்கும் சிறுவன், அதற்குமுன் தந்தையின் உறக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறான். இந்த வரிசை தற்செயலானதன்று.

சுவாமி விவேகானந்தரின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். 1884-இல் தந்தை மறைந்தபின் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. வேலை தேடிக் கல்கத்தா வீதிகளில் நரேந்திரர் அலைந்தார். பின்னர் அவர் துறவறம் பூண்டது உலகிற்குப் பெரும் நன்மையாயிற்று. அந்த நன்மையைக் காட்டித் தம் தாயின் துன்பத்தை அவர் கணக்கிலிருந்து நீக்கிவிடவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங் அன்னை புவனேசுவரி தேவிக்கு மாதம் 100 ரூபாய் அனுப்பி வந்தார். தாம் மறைந்தாலும் அந்த உதவி தாயாரைத் தொடர்ந்து சென்றடைய வேண்டும் என்று 1898 டிசம்பரில் சுவாமிஜி மன்னரை எழுத்தில் வேண்டிக்கொண்டார். தமக்கென எதையும் வேண்டாத துறவி, தம் பாதைக்கு விலை தந்த ஒருவருக்காகக் கைநீட்டத் தயங்கவில்லை. பற்றின்மையும் பொறுப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இருவருக்கு இரண்டு சாதனைகள்

ஆகவே இத்தகைய வீட்டில் தந்தைக்கு ஒரு சாதனையும் மகனுக்கு வேறொரு சாதனையும் தேவைப்படுகின்றன. நாம் வழக்கமாக இவற்றை இடம் மாற்றிப் போதிக்கிறோம். ஆடும் பிள்ளையிடம் "பலனை எதிர்பார்க்காதே" என்கிறோம், பெற்றோரிடம் "எவ்வளவு செலவாயிற்று?" என்று கேட்கிறோம்.

பலனில் பற்றின்மையை முதலில் பயில வேண்டியவர்கள் பெற்றோர். கைம்மாறு கருதி, மனவருத்தத்தோடு தரப்படும் தானத்தைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் ராஜஸ தானம் என்று வகைப்படுத்துகிறது. பிள்ளைக்குத் தருவது தானமாக இருக்கட்டும். முதலீடாக இருக்க வேண்டாம். முதலீடு செய்தவர் ஒவ்வொரு தோல்வியிலும் தம் நட்டத்தைக் காண்கிறார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு ஆடுவது எந்த எதிராளியையும் சமாளிப்பதைவிடக் கடினம். தர இயலாவிட்டால் "இயலாது" என்று சொல்லிவிடுவது உயர்ந்தது. மனத்தில் கணக்கு எழுதிக்கொண்டே தருவது இருவரையும் வருத்தும்.

கணக்கிடும் சாதனை பிள்ளைக்கு உரியது. அன்பு கணக்குப் பார்க்காது. தாய் நகையைக் கழற்றித் தரும்போது தராசைத் தேடுவதில்லை. ஆகவே கணக்குப் பார்க்கும் கடமை அன்பைப் பெறுகிறவனையே சேர்கிறது. எத்தனை ஆண்டுகள் முயல்வேன், எவ்வளவு செலவுக்குமேல் கேட்கமாட்டேன், எந்த நிலை வந்தால் நிறுத்துவேன் என்ற எல்லையை அவனே வகுத்து, அதை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும், தங்கையின் முன்னிலையிலும், சொல்ல வேண்டும். அவள் சம்மதம் கேட்கப்பட வேண்டும்; மறுத்தால் அந்த மறுப்பும் மதிக்கப்பட வேண்டும். இப்படி எல்லை வகுப்பதால் உறுதி குறைந்துவிடாது. விரதத்திற்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு; அதனால் விரதம் நீர்த்துவிடுவதில்லை.

இன்னொன்றையும் இருவரும் சேர்ந்து ஆராயலாம். எந்த வாய்ப்பு காத்திருக்கும், எது காத்திருக்காது? தொலைநிலைக் கல்விக்கென இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதல் இயங்கி வருகிறது. இருபத்தைந்து வயதிலும் பட்டப்படிப்பைத் தொடங்கலாம். முழங்கால் அவ்வாறு காத்திருக்காது. ஆனால் முழு உதவித்தொகையுடன் வரும் கல்லூரி ஆட்டமும் எப்போதும் காத்திருப்பதில்லை. சோம்தேவைப் போல் இருபத்து மூன்று வயதில் தொழில்முறைக்கு வந்தும் சாதிக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. இதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்று இல்லை. ஒவ்வொரு வீடும் தன் உண்மை நிலையை எதிர்கொண்டு, பொய்யின்றிப் பேசித்தான் தீர வேண்டும்.

முடிவு சரியானதா என்பதற்கு மூன்று அளவுகோல்கள் போதும். நிலைமையின் உண்மையை முழுதாக அறிந்து, மறைக்காமல் சொன்னோமா? விலை தரப்போகிறவர்களின் மனமார்ந்த சம்மதத்தைப் பெற்றோமா? அச்சத்தாலும் புகழாசையாலும் உந்தப்படாமல், நம் இயல்பை அறிந்து தேர்ந்தெடுத்தோமா? இம்மூன்றும் முடிவெடுக்கும் நாளிலேயே நம் கையில் இருப்பவை. இவை நிறைவேறியிருந்தால், பின்னர் வரும் தோல்வி அந்த முடிவைத் தவறாக்க இயலாது. இவை இல்லாவிட்டால், பின்னர் வரும் கோப்பை அதைச் சரியாக்கவும் இயலாது.

பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு பிள்ளை உலகத் தரவரிசையில் எங்கே இருப்பான், அல்லது எந்த அலுவலகத்தில் இருப்பான் என்பதை எவரும் அறியார். அன்றைக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் மனக்குறையின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண முடியுமா என்பதை மட்டும் இன்றே பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம். இறைவன் நம்மிடம் விட்டுவைத்திருக்கும் பங்கு அதுவே.